செய்யாமலே போட்ட டிக்

கைப்பேசிப் பட்டியலில் பதினேழு வேலைகள் வரிசையாக நின்றால் எனக்கு நெஞ்சு படபடக்கும். அதனால் மலேசியாவின் ரவாங்கில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையிலிருந்து ரயிலில் திரும்பும்போது, நாளை எப்படியும் செய்துவிடுவேன் என்று தோன்றும் வேலைகளுக்கு முன்கூட்டியே டிக் போட்டுவிடுவேன். அம்மாவுக்கு இன்சுலின் வாங்கும் வேலையும் அப்படித்தான் 'முடிந்தது'. பிறகு அதை மறந்தே போனேன்.

டிக் போட்ட நான்காம் நாள் காலையில் அம்மா வாந்தியெடுத்து, கண் திறக்க முடியாமல் கிடந்தார். ஐஸ்பெட்டியில் மருந்து இல்லை.

"ஏம்மா சொல்லல?" என்று கத்தினேன்.

"கேட்டேன்லா. வாங்கியாச்சுன்னு போனைக் காட்டுனியே. பையில வெச்சிருப்ப, குடுப்பன்னு இருந்தேன்," என்று கண் திறக்காமலே முனகினார்.

மருத்துவமனையில், "எத்தனை நாளா ஊசி போடல?" என்று தாதி கேட்டார்.

"மூணு நாள்," என்றேன்.

அம்மா பிழைத்தார். பட்டியல் குறைந்த நிம்மதியில் அந்த மூன்று இரவும் நான் நன்றாகத் தூங்கியிருந்தேன். அதைத்தான் இன்னும் என்னால் தாங்க முடியவில்லை.