காற்றாலை நிழல்

கழுகுமலைக்குக் கிழக்கே எங்கள் கரிசல் காட்டில் முதல் காற்றாலை எழுந்த வருடம், பாண்டியம்மாள் யாரையும் விட்டுவைக்கவில்லை. செம்மறி மேய்ப்பவள், அவள் குரல் அடுத்த ஊருக்குக் கேட்கும். காற்றாலைக்குக் காவல் இருந்த என்னிடம்தான் தினமும் வந்து கத்துவாள்.

“இந்த றெக்கை சுத்திச் சுத்தி வாற மேகத்தையெல்லாம் விரட்டுது அண்ணாச்சி. மழை பெய்யலைன்னா என் ஆடு மண்ணையா திங்கும்?”

ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் நம்பினார்கள். ஐப்பசியில் மழை வழக்கம்போலப் பெய்தது. அவள் அசரவில்லை.

“மேகத்துக்கு இன்னும் விவரம் தெரியலை. அடுத்த வருசம் பாருங்க.”

சித்திரை வந்தது. ஒதுங்க ஒரு மரமில்லாத காடு அது. ஒருநாள் காலை வெயிலில், காற்றாலைத் தூணின் நிழல் நீளக் கோடாய் விழுந்திருந்தது. அவளுடைய ஆடுகள் அத்தனையும் அந்தக் கோட்டுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. நிழல் நகர நகர, வரிசையும் கலையாமல் கூடவே நகர்ந்தது. வரிசையின் கடைசியில் பாண்டியம்மாளும் உட்கார்ந்திருந்தாள். நான் சிரித்ததைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறு வருடம் இரண்டாவது காற்றாலைக்கு இடம் பார்க்கக் கம்பெனிக்காரர்கள் ஜீப்பில் வந்தார்கள். அவள் கையில் கம்போடு நேரே அவர்களிடம் போனாள். சண்டைதான் என்று பயந்து நானும் பின்னால் ஓடினேன்.

“இது மேகத்தை விரட்டுதுன்னு நான் சொன்னது சொன்னதுதான்” என்று அதட்டினாள். பிறகு கம்பை மேற்கே நீட்டினாள். “இன்னொண்ணு நடுறதா இருந்தா ஓடைப் பக்கம் நடுங்க சார். அங்கன ஆடு நிக்க நிழலே கிடையாது.”