அவனுக்குச் சொல்லாத விழா

அறிவியல் புனைகதை, மாயாஜாலக் கதை வாசகர்களுக்கு நடக்கும் விழாக்களில் எதற்குப் போவது என்று என்னைத்தான் கேட்பான் அவன். பள்ளியில் என்னோடு படித்தவன். திருத்துறைப்பூண்டி கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறான். துபாயில் இருக்கும் அவன் அண்ணன் ஊருக்கு வந்தால் பெட்டி நிறைய நாவல்கள் வரும். நான் எல்லாவற்றையும் இரவல் வாங்கித்தான் படித்தேன். உறை பிரிக்காததைக்கூட "நீ மொதல்ல படி மாப்ள" என்று கொடுப்பான். அந்தப் பெருந்தன்மைதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அந்தத் தை மாதம் ஒரே வார இறுதியில் இரண்டு விழாக்கள். சென்னையில் பெரியது. வேடம் போட்டவர்கள், பொம்மைக் கடைகள், கையெழுத்து வாங்க நீள வரிசை. பெங்களூரில் சின்னது. நாற்பதே பேர், நாங்கள் இருவரும் விழுந்து விழுந்து படித்த எழுத்தாளரோடு ஒரே மேசையில் சாப்பாடு. கூட்டத்தைப் பார்க்காதே, உட்கார்ந்து பேச எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று பார். விழா தேர்ந்தெடுக்க எனக்குத் தெரிந்த வழி அதுதான். அதை அவனிடம் சொல்லவில்லை.

"சென்னைக்குப் போ. பெங்களூர்ல சும்மா நாலு பேர் பேசிக்கிட்டிருப்பாங்க, உனக்கு போரடிக்கும்" என்றேன். எழுத்தாளர் வருவதை மறைத்துவிட்டேன். அவன் தலையாட்டினான். பெங்களூரில் எனக்கு மட்டும் இடம் பதிவு செய்துகொண்டேன்.

கிளம்ப வேண்டிய அன்று காலை பக்கத்து வயல்காரர் நிலத்தில் அறுப்பு மெஷின் இறங்கிவிட்டது. என் வயலுக்கு ரோடு கிடையாது, அவர் வயல் வழியாகத்தான் மெஷின் வர வேண்டும். நெல் நிற்கும்போதே அவர் உளுந்து தெளித்திருந்தார். முளை நசுங்கும் என்று இன்னொரு நாள் அதன் மேல் மெஷினை ஏற விடமாட்டார். அன்றே நானும் அறுத்தாக வேண்டும். ஆத்திரம் தாங்காமல், பெங்களூர் போக முடியாது என்று அவனுக்குப் போன் போட்டுப் புலம்பினேன்.

கொஞ்ச நேரம் கழித்து, வரப்பில் நின்றபடியே பெங்களூர் விழாக்காரர்களையும் கூப்பிட்டு, வர முடியாது போலிருக்கிறது என்றேன்.

"உங்களுக்குப் பதிலா அங்கேர்ந்து வேற யாராவது வருவாங்களா சார்?" என்று ஒரு பெண் கேட்டார்.

"இங்க இதெல்லாம் படிக்கிற ஆளே இல்லீங்க."

இடம் காலியாகவே போகட்டும். அந்த மேசையில் அவன் உட்காரக் கூடாது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், பின்னால் அவன். கையில் பைக் சாவி.

"கடையப் பூட்டிட்டேன். சென்னைக்கு அடுத்த வருஷம் போய்க்கலாம். அறுப்ப நான் நின்னு பாத்துக்கறேன், நீ பஸ்ஸப் பிடி மாப்ள" என்று சாவியை நீட்டினான். பிறகு மெஷின் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டான்: "படிக்கிற ஆளே இல்லைன்னா சொன்ன?"

நான் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டேன்.