சேரப்பணஞ்சேரி ஆலமரத்து வௌவால்கள்

1991, சேரப்பணஞ்சேரி. பேருந்திலிருந்து இறங்கி ஏரிக்கரையோரம் நடந்து வந்தால், நான் தேடி வந்த ஆலமரம் இல்லை. பால் வடிந்து காய்ந்த அடிமரம் மட்டும் கிடக்கிறது. சாலையை அகலப்படுத்த நான்கு நாள் முன்பு வெட்டிவிட்டார்கள் என்கிறார், அங்கே விறகு பொறுக்கும் முனியம்மா.

அந்தமானில் ஓராண்டாகப் பழந்தின்னி வௌவால்களின் மண்டையோடுகளை அளந்தேன். பலவற்றில் இடது தாடையும் வலது தாடையும் சமமாக இல்லை. வளரும்போது பட்ட கஷ்டம் எலும்பில் அப்படித் தெரியலாம். தீவில் அடைபட்டதால்தான் இப்படியா என்று அறிய, கடலுக்கு இந்தப் பக்கத்து வௌவால்களோடு ஒப்பிட வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

"செத்த வவ்வாலு ஏதாவது கிடக்குதாம்மா?"

"அந்தப் பள்ளத்துல நெறைய கீது சார்."

போய்ப் பார்க்கிறேன். அத்தனையும் குட்டிகள். எறும்பு மொய்க்கிறது. ஒன்றை எடுத்துத் தலையில் அளவுக் கருவியை வைக்கிறேன். எலும்பு இன்னும் இறுகவில்லை, அமுங்குகிறது. இதை அளந்து பயனில்லை.

"பெருசுங்க எங்க போச்சு?"

"மூணு நாளு இங்கியே கத்திகினு சுத்திச்சுங்க. குட்டிக்குப் பறக்கத் தெரியாதே, இன்னா பண்ணும்? நேத்துலேர்ந்து காணோம்."

குட்டியைத் திரும்பப் பள்ளத்திலேயே வைக்கிறேன். விறகுக் கட்டைத் தூக்கிவிட ஆளில்லாமல் முனியம்மா நிற்கிறார். தூக்கி அவர் தலையில் வைக்கிறேன். இங்கே எனக்கு வேறு வேலை இல்லை.