பாதி இஞ்சினும் பின் சீட்டும்

எனக்கு ஒருவரை நேருக்கு நேர் பார்த்துப் பேச வராது. பத்தாவது வரை படித்த பள்ளிக்கூடத்திலும் வரவில்லை, கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டிலும் வரவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் வார்த்தை தானாக வரும். பின் சீட்டில் இருப்பவர் கேட்பார், நான் சொல்வேன். முகம் பார்க்க வேண்டியதில்லை.

ராஜா அண்ணாமலைபுரத்தில் பேங்க் வேலையிலிருந்து ரிட்டயர் ஆன ஒருவருக்கு நான் டிரைவர். சாயங்காலமானால் சாரை மெரினாவுக்குக் கூட்டிப்போய், கையைப் பிடித்துக் கொஞ்ச தூரம் நடக்கவைத்து, திரும்பக் கொண்டுவந்து விடவேண்டும். போகவர முழுக்கப் பேச்சுத்தான். எங்கள் மந்தைவெளித் தெருவில் தண்ணீர் லாரி வந்ததா என்பதிலிருந்து, என் மச்சினன் என்னோடு ஏன் பேசுவதில்லை என்பதுவரை எல்லாம் கேட்பார். என் பேச்சை அவ்வளவு பொறுமையாகக் கேட்ட ஆள் வேறு யாரும் இல்லை, என் சம்சாரத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்த வீட்டுக்கு ஒரு ஜப்பான் கார் வந்தது. சாரின் மகளும் மாப்பிள்ளையும் அங்கே சில வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியபோது கப்பலில் கொண்டுவந்தார்கள். மாப்பிள்ளைக்கு பெங்களூரில் வேலை. வீடு பார்க்கும்வரை மகள் இங்கேயே இருந்தாள். சின்ன வயதில் ஸ்கூலுக்கு நான்தான் கொண்டுபோய் விடுவேன் என்பதால் எனக்கு அவள் எப்போதும் பாப்பாதான்.

மாப்பிள்ளை பானட்டைத் திறந்துவைத்து எங்கள் எல்லோருக்கும் விளக்கினார். "மொத்தம் நாலு சிலிண்டர். வண்டி ஒரே சீரா போறச்சே ரெண்டு தானா வேலையை நிறுத்திக்கும். மீதி ரெண்டே இழுத்துண்டு போகும். பெட்ரோல் மிச்சம். அந்த நேரத்துல மீட்டர் பக்கத்துல பச்சையா ஒரு லைட் எரியும்."

"பாதி இஞ்சின் நின்னா வண்டி நடுரோட்டுல நின்னுடாதோ?" என்று சாரின் மனைவி, மாமி, கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த வீட்டில் பெட்ரோல் மிச்சம் பிடிப்பது என் வேலை. பழைய காரை அடையாறு பாலத்தின் உச்சிவரை இழுத்துப்போய் நியூட்ரல் போட்டுவிட்டால், இறக்கம் முழுக்க அது தானாக உருளும். சிக்னல் சிவப்பு என்று தூரத்திலேயே தெரிந்தால் அங்கேயே நியூட்ரல். "நம்ம டிரைவர் பெட்ரோலை நெய் மாதிரி விடுவான்" என்று சார் நாலு பேரிடம் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். இத்தனை வருஷம் நான் கையாலும் காலாலும் செய்ததை இந்த இஞ்சின் பாதி தூங்கிக்கொண்டே செய்கிறதாம்.

முதல் வாரம் நான்தான் ஓட்டினேன். சார் பின்னாலிருந்து எட்டி எட்டிப் பார்ப்பார்.

"எரியறதா?"

"இல்ல சார்."

"இப்போ?"

"இல்ல சார்."

ஞாயிற்றுக்கிழமை பாப்பா ஓட்டினாள். சாந்தோம் தாண்டி, கலங்கரை விளக்கம் தாண்டி, பீச் ரோடு விரிந்ததும் பச்சை லைட் எரிந்தது. அவள் அதற்காக ஒன்றும் செய்யவில்லை. செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு, ஜப்பானில் பக்கத்து வீட்டுக் கிழவி கத்தரிக்காயில் என்னவோ செய்வாள் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சார் குழந்தை மாதிரி கைதட்டினார். மறுநாள் சாயங்காலம் காரின் பின் கதவைத் திறந்து நின்றேன். சார் முன் சீட்டில் போய் உட்கார்ந்தார். பாப்பா சாவியை வாங்கிக்கொண்டாள்.

"நீயும் வாப்பா. அங்க நடக்கறச்சே கையப் பிடிக்கணுமே," என்றார் சார்.

நான் பின் சீட்டில் உட்கார்ந்தேன்.

மெரினாவில் கார்கள் நிற்கும் இடத்தில் எங்கள் டிரைவர் கூட்டம் ஒன்று உண்டு. நான் பின் கதவைத் திறந்துகொண்டு இறங்கியதைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்கள்.

"இன்னா நைனா, ஓனர் ஆயிட்டியா? சொல்லவே இல்ல!"

"வண்டி பாதி இஞ்சின்ல ஓடுதாமே. மீதி பாதிக்கு இன்னா, லீவா?"

"அதுக்கு லீவோ இன்னாவோ, நம்மாளுக்கு லீவு உட்டுட்டாங்கோ. சீட்ல சாஞ்சிக்கினு சோக்கா வராரு பாரு!"

நான் சாரின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன்.

பின் சீட்டிலிருந்து நான் பார்த்ததெல்லாம் அவள் கால்தான். மிதிக்கிறாளா, விடுகிறாளா என்று குனிந்து குனிந்து பார்ப்பேன். அது ஒரே இடத்தில் சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கஷ்டப்பட்டு எரியவைத்திருந்தால் போனால் போகிறது என்று விட்டிருப்பேன். டிகிரி, சம்பாதிக்கிற புருஷன், வெளிநாடு எல்லாம் அவளுக்குக் கிடைத்திருந்தது. இந்த லைட்டையாவது சாமி எனக்கு விட்டிருக்கலாம். பெட்ரோல் போட வண்டியைத் தனியாக எடுத்துப்போன நாளில் நானும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். எரியவில்லை. திரும்பி வந்து, அவள் வைத்திருந்த உயரத்துக்கே கண்ணாடியைத் திருப்பிவைத்தேன்.

அதைவிடப் பெரிய பொறாமை வேறு. தண்ணீர் லாரி, பேங்க் கதை, முட்டிவலி எல்லாவற்றையும் சார் இப்போது அவளிடம் பேசினார். என் மச்சினன் பெயர் வரவே இல்லை.

ஒரு நாள் அவளுக்குத் தலைவலி. "நீங்க ஓட்டுங்கோ அண்ணா, நான் பின்னாடி சாஞ்சுக்கறேன்" என்றாள். சார் முன் சீட்டிலேயே இருந்தார். பீச் ரோடு வந்தது. வேகம் பிடித்ததும் என் கை பழக்கப்படி கியருக்குப் போனது.

"அண்ணா, நியூட்ரலா போடறேள்?"

"உருளும் பாப்பா. பெட்ரோல் மிச்சம்."

"போடாதீங்கோ. கியர்லயே இருக்கட்டும். நியூட்ரல் போட்டா இஞ்சினுக்கு வேலையே இல்லையே, அப்புறம் எதை நிறுத்தும்? காலையும் அழுத்தாதீங்கோ, சும்மா வெச்சிருங்கோ."

கையை எடுத்தேன். காலைச் சும்மா வைத்தேன். கண்ணகி சிலை வருவதற்குள் பச்சை எரிந்தது. இஞ்சின் சத்தம் ஒரு படி இறங்கி, ஸ்டியரிங்கில் மெல்லிய நடுக்கம் வந்தது. கோபம் இருந்தும் அது எனக்குப் பிடித்திருந்தது.

"எரியறது! எரியறது!" என்று சார் என் தோளைத் தட்டினார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்புறம் சொன்னார், "பாத்தியா, நம்ம பொண்ணு சொன்ன உடனே எரியறது."

பெங்களூரில் வீடு கிடைத்து பாப்பா கிளம்பிப்போனாள். காரை அப்பாவுக்கே விட்டுவிட்டாள். சாவி என் கைக்கு வந்தது. அன்று சாயங்காலம் கண்ணாடியை என் உயரத்துக்குத் திருப்பினேன். இனிமேல் பழையபடிதான் என்று நினைத்தேன்.

ஆனால் சார் முன் சீட்டை விடவில்லை. கார் கிளம்பியதும் கண் மீட்டரில்தான்.

"சார், நேத்து எங்க தெருவுல..."

"இரு, இரு. இப்போ எரியப்போறது."

எரிந்தது. நான் எரியவைத்தேன், தினமும். சார் அதைப் பார்த்துக்கொண்டே வந்தார், நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே போனேன். பாப்பா இருந்தபோது அவள்மேல் பட்ட பொறாமைக்கு ஒரு முகமாவது இருந்தது. பட்டாணி அளவு லைட்மேல் பொறாமைப்படுவதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஒரு மாதம் போயிருக்கும். திரும்பி வரும்போது கச்சேரி ரோடு சிக்னலில் சிவப்பு விழுந்தது. முன்னால் ஒரு பஸ். வண்டி நின்றது, பச்சை அணைந்தது. பார்க்க ஒன்றும் இல்லாமல் சார் ஜன்னல் பக்கம் திரும்பினார். பிறகு என் பக்கம்.

"ஏம்ப்பா, உன் மச்சினன் இப்பவாவது பேசறானா?"

"இல்ல சார். பொங்கலுக்கு வந்தான். வாசலோட போயிட்டான்."

"வாசலோடயா? உள்ள கூப்பிட வேண்டியதுதானே?"

"கூப்பிடலாம்னுதான் சார் எழுந்தேன். வாய் வரல."

சார் சிரித்தார். நானும் சிரித்தேன். பச்சை சிக்னல் விழுந்து பஸ் நகர்ந்தது. பின்னால் ஆட்டோக்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்தான். நான் அவசரமில்லாமல் கியர் போட்டேன்.