அத்தைக்கு ஓர்மையுள்ள பிள்ளை

தொண்ணூறுகளின் கடைசியில், நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது, சாலை பஜாரை ஒட்டியிருந்த எங்கள் பள்ளியில் தொழில் தினம் என்று ஒன்றைக் கொண்டாடினார்கள். வீட்டுப் பெரியவர்கள் வந்து தங்கள் வேலையைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச வேண்டும். விருப்பமுள்ளவர்கள் சீட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். திருவனந்தபுரத்தில் எந்த வகுப்பை எடுத்தாலும் ராக்கெட் ஆபீஸில் வேலை பார்க்கும் அப்பா ஒருவராவது இருப்பார். எங்கள் வகுப்பில் மூன்று பேர். அதில் ஒருவருக்கு அங்கே கேன்டீனில்தான் வேலை. ஆனால் அவர் மகள், ராக்கெட் கீழே விழாமல் போவதே தன் அப்பாவால்தான் என்பதுபோல நடந்துகொள்வாள்.

என் அப்பா தலைமைச் செயலகத்தில் டைப்பிஸ்ட். டைப் அடிப்பதில் சொல்ல என்ன இருக்கிறது என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பக்கத்தில் சாயா குடித்துக்கொண்டிருந்த அத்தை அதை வாங்கிப் படித்தாள்; என்னிடம் பேனா கேட்டாள்; கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடு இருந்தவள். அரசாங்கப் பிரசவ ஆஸ்பத்திரியில் லேபர் ரூம் நர்ஸ். சின்னப் பிள்ளைகளிடம் போய் அந்த வேலையைப் பற்றி என்ன பேசுவது என்று அம்மா திகைத்துப் போனாள். பிள்ளை எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்டுவிட்டால் என் கதி என்ன ஆகும் என்பது என் கவலை. முந்தின நாள் குடும்ப ஜெபத்தில், அத்தைக்கு டபுள் டூட்டி போடும்படி மனதுக்குள் கர்த்தரை வேண்டிக்கொண்டேன்.

கர்த்தர் கேட்கவில்லை. நைட் டூட்டி முடித்த கையோடு, டெட்டால் வாசனையுடன் அத்தை வந்து சேர்ந்தாள். அவளுக்கு முன்னால் பேசிய ராக்கெட் அப்பா, எங்கள் உயரத்துக்குத் தெர்மோகோலில் ராக்கெட் செய்து, அடியில் சிவப்பு பல்பு எரிய விட்டிருந்தார். அத்தை கொண்டுவந்தது தோளில் தொங்கிய பையை மட்டும்தான். அதையும் என்னிடம் கொடுத்துவிட்டாள். நான் அதைக் கட்டிப் பிடித்தபடி அவள் பக்கத்தில் நின்றேன்.

அத்தை மெதுவாகத்தான் பேசினாள்.

“ஒரு பிள்ளை பிறந்த உடனே அந்த ரூமிலே ஆரும் பேசமாட்டோம், கேட்டியளா? டாக்டரும் பேசமாட்டாரு. அந்தப் பிள்ளை அழுவுக சத்தத்துக்காகக் காத்து நிப்போம். அது எவ்வளவு நேரம்னு காட்டித்தாறேன். கண்ணை மூடுங்க.”

நாற்பது பேரும் கண்ணை மூடினோம். மின்விசிறியின் கிறீச்சொலி கேட்டது. பஜாரில் யாரோ மூட்டையைத் தொப்பென்று இறக்கினார்கள். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை. யாருக்கும் சிரிப்பு வரவில்லை. இனி அவள் பேசவே மாட்டாள் என்று நான் பயந்த நேரத்தில், “அழுதாச்சு” என்றாள் அத்தை. வகுப்பு முழுவதும் ஒன்றாக மூச்சு விட்டது. கேன்டீன்காரர் மகள் அழுதுகொண்டிருந்தாள்.

அந்த ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள் கை தூக்குங்கள் என்றாள் அத்தை. பாதிப் பேருக்கு மேல் தூக்கினார்கள். பதினாலு வருஷமாக அங்கே வேலை பார்ப்பதாகவும், இவர்களில் சிலரை முதலில் தொட்டது தன் கையாக இருக்கலாம் என்றும் சொன்னாள். தன்னை நினைவிருக்கிறதா என்று ஒருத்தி கேட்டாள். இல்லை மக்களே, அழுதுவிட்டால் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று அத்தை சிரித்தாள்.

பிறகு நடந்ததை யாரும் ஏற்பாடு செய்யவில்லை. முன்வரிசைப் பிள்ளை ஒன்று எழுந்து வந்து அத்தையின் கையைத் தொட்டுப் பார்த்தது. அதன் பின்னால் இன்னொன்று. சற்று நேரத்தில் கதவு வரைக்கும் வரிசை. கோயிலிலும் பள்ளியிலும் வரிசையில் நின்று பழகிய நாங்கள், அன்றைக்குத்தான் யாரும் சொல்லாமல் ஒழுங்காக நின்றோம். சோப்பும் மருந்தும் பட்டுப் பட்டு வெளிறி, ஓரமெல்லாம் வெடித்த கைகள். வீட்டில் எனக்குத் தலை பின்னிவிடும் அதே கைகளை அன்றைக்கு முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

வரிசையின் கடைசியில் எங்கள் டீச்சர் நின்றிருந்தார். தன் கையை அத்தையின் கைக்குள் வைத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்:

“சிஸ்டருக்கு எனக்க பிள்ளையை ஓர்மை இருக்கா?”

அத்தை அவர் முகத்தைப் பார்த்தாள். இந்த முறை சிரிக்கவில்லை.

“இருக்கு. பெண்பிள்ளை. தலை நிறைய முடி.”

டீச்சர் தலையை ஆட்டினார். மணி அடிக்கும்வரை இருவரும் கையை விடவில்லை.

எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒருத்தரையும் நினைவில்லை என்ற அத்தை, டீச்சரின் மகளை மட்டும் முடி உட்பட நினைவில் வைத்திருக்கிறாள். அப்படியானால் அவள் ஏதோ பெரிய அதிசயப் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். திங்கட்கிழமை நோட்டு காட்டப் போனபோது, உங்கள் மகள் எத்தனையாம் வகுப்பு டீச்சர் என்று கேட்டேன். அவர் பேனாவை மூடினார். பிறகு திறந்தார்.

“நாலாம் கிளாஸ்” என்றார்.

அன்றைக்கு லேபர் ரூமில் அழுகைச் சத்தம் கேட்கவே இல்லை என்பதையும், நெடுநேரம் காத்து நின்ற பிறகு அந்தக் குழந்தையைத் துணியில் சுற்றி டீச்சரிடம் காட்டியது தான்தான் என்பதையும் அத்தை எனக்குச் சொன்னது பல வருடங்கள் கழித்து, என் முதல் பிரசவம் நல்லபடியாக முடிந்த பிறகுதான்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், எங்கள் பி பிரிவில் டீச்சரின் மகள் இல்லை, ஆகவே ஏ பிரிவில்தான் இருக்க வேண்டும் என்பதுதான். இடைவேளையில் தோழியைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். ஒவ்வொரு பெஞ்சாகத் தலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தோம். மூன்றாவது பெஞ்சில், இடுப்புக்குக் கீழே தொங்கும் இரட்டைப் பின்னலோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நான் அவள் பின்னலை மரியாதையோடு தொட்டு, எங்கள் அத்தைக்கு அவளை நன்றாக நினைவிருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.