என் எழுத்தில் வந்த கடிதம்

அந்தக் கடிதத்தை முதலில் பார்த்தபோது அதை நானே எழுதியிருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். சமையலறையில் டீத்தூள் டப்பாவுக்கு அடியில் நாலாக மடித்து வைத்திருந்தது. கோடு போட்ட நோட்டுத் தாள். எழுத்துகள் எல்லாம் வலப்பக்கம் சாய்ந்து, ழகரத்தின் வால் அடுத்த வரியைத் தொட்டுக்கொண்டு, அச்சு அசலாக என் கையெழுத்து. ஆனால் அதில் ஒரு வரியைக்கூட நான் எழுதவில்லை. 'நான் படிக்கப் போகிறேன்' என்று தொடங்கிய அந்தக் கடிதத்தின் கீழே இருந்தது என் மதினியின் பெயர், அதாவது அண்ணன் மனைவியின் பெயர்.

அப்போது நான் பத்தாம் வகுப்பு. போடிமெட்டைத் தாண்டிக் கேரளப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். அம்மா கொழுந்து பறித்தாள், அப்பா செடிக்கு மருந்து அடித்தார், அண்ணனுக்குத் தேயிலை ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை. பள்ளிக்கூடத்துக்குக் காலை ஆறே முக்காலுக்குப் பஸ். அதை விட்டால் எட்டேகாலுக்குத்தான் அடுத்தது. டியூஷன் முடித்து வீடு திரும்ப ஏழு மணி ஆகிவிடும். அதற்கு மேல்தான் கணக்கு, சயின்ஸ் ரெக்கார்டு, மேப், மலையாளக் காப்பி எல்லாம். ஒவ்வொரு ஆசிரியரும் உலகத்தில் தன் பாடம் ஒன்றுதான் இருக்கிறது என்று நினைத்து வீட்டுப்பாடம் கொடுப்பார். நான் பஸ் கம்பியில் நெற்றியை வைத்துத் தூங்கினேன். காலை அசெம்ப்ளியில் நின்றுகொண்டே தூங்கினேன். பாதி வீட்டுப்பாடத்தைப் பஸ்ஸிலேயே மடியில் வைத்து எழுதியதால்தான் என் எழுத்து அப்படிச் சாய்ந்துபோனது. அப்பா ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தார்: "பள்ளிக்கூடத்துல இருந்து உம்மேல ஒரு புகார் வரட்டும், மறுநாளே கூடையத் தூக்கிட்டு உங்கம்மா பின்னால கொழுந்துக்குப் போயிரு." அப்பா ஒரு சொல்லை இரண்டாம் தடவை சொல்கிற ஆளில்லை.

மதினி அந்த வீட்டுக்கு வந்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது. போடியில் பிளஸ் டூ முடித்தவர், நல்ல மார்க். நர்சிங் படிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. கல்யாணத்துக்குப் பிறகு தாராளமாகப் படிக்கட்டும் என்று பெண் பார்க்கப் போன அன்றைக்கு அம்மாதான் வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள். வந்த பிறகு மதினி கேட்கும்போதெல்லாம் அண்ணன் "பாப்போம்" என்பார். அண்ணன் கெட்டவர் இல்லை. குரலை உயர்த்திப் பேசமாட்டார். பாப்போம் என்று மனதாரச் சொல்லிவிட்டு, ஷிப்ட்டுக்குப் போனதும் மனதார மறந்துவிடுவார். அந்த மறதிக்கு நாங்கள் எல்லோருமே துணை போனோம்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே தட்டில் கை வைத்தபடி நான் தூங்கிவிட்டேன். மதினி என் கையைத் துடைத்துவிட்டு, "நீ போய்ப் படு பாப்பா, இந்தக் கணக்க நான் போட்டு வச்சிர்றேன்" என்றார். எழுத்து மாறினால் மாட்டிக்கொள்வேனே என்று அழாத குறையாகச் சொன்னேன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நாலைந்து நாள் என் எழுத்தை எழுதிப் பழகினார். பிறகு என்னாலேயே வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் அடித்துத் திருத்துகிற மாதிரியே வேண்டுமென்றே அங்கங்கே அடித்துத் திருத்தியும் வைப்பார். காலையில் எழுந்தால் நோட்டுகள் அடுக்கிப் பைக்குப் பக்கத்தில் இருக்கும். நான் இரவு எட்டரைக்கே படுத்தேன். கன்னம் உப்பிவிட்டது என்று அம்மா மகிழ்ந்தாள். சயின்ஸ் ஆசிரியர் ரெக்கார்டில் 'மிக நன்று' என்று எழுதினார். மதினி எத்தனை மணிக்குத் தூங்கினார் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் கேட்கவில்லை.

"நேத்துச் சும்மா எம்பேர எழுதிப் பாத்தேன் பாப்பா. அதுகூட உன் எழுத்தாத்தான் வருது" என்று ஒரு தடவை சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

மாடல் பரீட்சை தொடங்கும் நாள் அது. தினமும் ஐந்தரைக்கு என்னை எழுப்புவது மதினிதான். அன்றைக்கு யாரும் எழுப்பவில்லை. அவர் குழாயடிக்குப் போயிருப்பார், வந்து எழுப்புவார் என்ற தைரியத்தில் அம்மாவும் அப்பாவும் பிரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்கு, கிளம்பிப் போயிருந்தார்கள். நான் கண் விழித்தபோது மணி ஏழு. பஸ் போய்விட்டது. அடுப்பு குளிர்ந்து கிடந்தது. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் மலங்க மலங்க நிற்கும்போது அண்ணன் இரவு ஷிப்ட் முடிந்து உள்ளே வந்தார்.

வாங்கிப் பார்த்தார். என் பிராக்ரஸ் கார்டில் கையெழுத்துப் போடுபவர் அவர்தான். என் எழுத்து அவருக்குத் தெரியும்.

"ஏட்டி, இது உன் எழுத்துல்லா? என்ன வெளையாட்டு இது? அவ எங்க?"

மதினியின் போன் அலமாரியில் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மாமா வந்தார். பிரட்டுக்குப் போன அம்மாவையும் அப்பாவையும் யாரோ ஓடிப்போய்க் கூட்டி வந்தார்கள். மாமா கடிதத்தையும் என் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "எழுதுனது உங்க பிள்ளை. மருமகளக் காணோம். அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சோ தெரியல. ஸ்டேஷன்ல சொல்லிருங்க" என்றார். அப்பா என் பக்கம் திரும்பினார். அவர் கண்ணில் கோபம் இல்லை, பயம் இருந்தது. தன் மகள் ஏதோ செய்துவிட்டாள் என்று என் அப்பா என்னைப் பார்த்துப் பயந்தார். அந்த அதிர்ச்சிக்கு முன்னால் கொழுந்துக்கூடை எல்லாம் எனக்கு ஒன்றுமே இல்லை.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கணக்கு நோட்டு, ரெக்கார்டு, மேப் எல்லாவற்றையும் தரையில் பரப்பி, "இதெல்லாம் மதினி எழுதுனது" என்றேன். அண்ணன் பேனாவைக் கொடுத்து என்னை எழுதச் சொன்னார். எழுதினேன். ஒரு புள்ளி மாறவில்லை. "ரெண்டும் ஒண்ணாத்தான இருக்கு. பொய் சொல்லாதட்டி" என்றார்.

அம்மாதான் குறுக்கே வந்தாள். "அவ எழுதுன வேற எதையாவது எடுத்துட்டு வாங்க. பக்கத்துல வச்சுப் பாத்தாத் தெரிஞ்சிரும்ல."

தேடினோம். மதினியின் பெட்டியில் சேலைகள் இருந்தன, சர்டிபிகேட் எதுவும் இல்லை. அலமாரி, சாமிப்படத்துக்குப் பின்னால், ரேஷன் கார்டு வைக்கிற பை என்று நாலு பேரும் தேடினோம். காலண்டரில் பால் கணக்கு அம்மா போட்ட கோடு. டப்பாக்களின் மேல் ஒட்டியிருந்த பெயர்கள் நான் எழுதியவை. பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிய ஒருவர் ஒன்றரை வருடம் வாழ்ந்த வீட்டில் அவர் எழுத்தாக ஒரு வரி இல்லை. அவரை யாரும் எதையும் எழுதச் சொன்னதே இல்லை, என்னைத் தவிர.

அண்ணன் தரையில் பரப்பிய நோட்டுகளுக்கு நடுவே குத்தவைத்து உட்கார்ந்தார். "அவ எழுத்து எப்பிடி இருக்கும்?" என்று கேட்டார். யாரைப் பார்த்தும் கேட்கவில்லை. ஸ்டேஷன் என்று சொன்ன மாமாவே பெட்டியைக் காட்டி, "சர்டிபிகேட்டையும் எடுத்துட்டுல்லா போயிருக்கு. படிக்கத்தான் போயிருக்கு" என்றார். அப்போதுதான் நான் சொன்னது உண்மை என்று எல்லோருக்கும் உறைத்தது.

அண்ணன் கடிதத்தை மறுபடி எடுத்து, இந்தத் தடவை முழுதாகப் படித்தார். தேனிப் பக்கம் ஹாஸ்டலோடு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது, யார் மேலும் கோபம் இல்லை, கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது என்று எழுதியிருந்தார். கடைசி வரி என்னைப் பற்றியது. 'பாப்பாவை எழுப்பி விடுங்கள். இன்றைக்கு மாடல் பரீட்சை.'

"பரீட்சையா இன்னைக்கு? கெளம்பு" என்றார் அண்ணன். மாமாவின் பைக்கை வாங்கி, பெண்டாட்டி போன அந்தக் காலையில், என்னைப் பள்ளிக்கூட வாசலில் கொண்டுபோய் விட்டார். பரீட்சைத் தாளில் முதல் வரியை எழுதிவிட்டுப் பார்த்தேன். மதினியின் கடிதம் மாதிரியே இருந்தது.

பத்து நாள் கழித்து அண்ணன் தேனிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வாடி என்று கூப்பிடவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம், உன் எழுத்தில் ஏதாவது எழுதிக் கொடு என்று. ஒரு தாளை என் முன்னால் வைத்தார். ஹாஸ்டல் முகவரி. வலப்பக்கம் சாய்ந்து, ழகரத்தின் வால் அடுத்த வரியைத் தொட்டுக்கொண்டு.

"மூணு தாளக் கிழிச்சுப் போட்டா. நாலாவதும் இப்பிடித்தான் வந்துச்சு."

"மதினி அழுதாங்களா?"

"இல்ல. நாந்தான்" என்றார் அண்ணன்.

நன்றாகத் தூங்க வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். அதற்கு ஒருவருடைய கையெழுத்தையே வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்குப் பேரிடியாக இருந்தது. திருப்பிக் கொடுக்க வழி தெரியவில்லை. அன்றிலிருந்து என் எழுத்தை நான் விட்டுவிட்டேன். இரட்டைக்கோடு நோட்டு வாங்கி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுத்துகளை நிமிர்த்தி எழுதப் பழகினேன். ஒரு பக்க வீட்டுப்பாடத்துக்கு இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. மறுபடியும் பஸ் கம்பியில் நெற்றி இடித்துத் தூங்கினேன். பாஸ் பண்ணினேன், பெரிய மார்க் இல்லை. அப்பா கூடையைப் பற்றி அப்புறம் வாயே திறக்கவில்லை.

இப்போது நான் ஒரு உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியை. வீட்டுப்பாடம் கொடுக்கும்போதெல்லாம் பாதியாகக் குறைத்துக் கொடுக்கிறேன், தலைமையாசிரியரிடம் திட்டும் வாங்குகிறேன். மதினி படிப்பு முடித்து மதுரையில் நர்ஸாக இருக்கிறார். அண்ணன் எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு அங்கேயே போய்விட்டார். போன மாதம் அம்மாவுக்கு மாத்திரைகள் அனுப்பியிருந்தார்கள், எதை எப்போது போட வேண்டும் என்று ஒரு சீட்டும் கூடவே. நான் அதைப் பிரித்தேன். நான் விட்டுவிட்ட அதே சாய்ந்த எழுத்து, அதே ழகர வால். அம்மாவிடம் நீட்டினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தவள், "எம்மருமக எழுத்து" என்றாள்.