கல் இல்லாத இடத்தில்

1988 மே மாதம், ஒரு சனிக்கிழமை. காலை ஆறு மணிக்கு ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினேன். பதினோரு கிலோமீட்டர். பேருந்தில் அரை மணிகூட ஆகாது. நான் சைக்கிளில் போனேன். அப்போது எனக்குப் பதினாறு வயது.

கல்யாணமாகி சுந்தரபாண்டியம் போய்விட்ட அக்காவின் சைக்கிள் அது. அதைச் சித்தப்பா மகளுக்குக் கொடுத்துவிட அப்பா தீர்மானித்திருந்தார். நான் முந்தின வருஷம் பஸ் ஸ்டாண்டு முன்னால் விழுந்து, ஒரு பூக்கூடையையும் கவிழ்த்து, ஊரைச் சிரிக்க வைத்தவள். அதன்பின் தெருவைத் தாண்டி ஓட்டியதில்லை. ஆனால் வண்டி கைவிட்டுப் போகிறது என்றதும் வயிறு எரிந்தது.

"வில்லிபுத்தூர் வரைக்கும் ஓட்டிட்டுப் போயி பால்கோவா வாங்கியாரேன். வண்டிய எனக்குத் தாங்கப்பா."

"பாதியில திரும்புனா, பொறவு சைக்கிள் பேச்சே எடுக்கப்படாது" என்றார்.

அவரிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். எனக்கு ஓட்டத் தெரியும், ஏறத் தெரியாது. வாசற்படியில் ஒரு காலை ஊன்றி, சீட்டில் உட்கார்ந்து, உந்திக் கிளம்பித்தான் பழக்கம். சாலையில் கிலோமீட்டர் கற்கள் இருக்கின்றன, நின்றால் கல்லருகே நிற்போம் என்று பெரிய மூளைக்காரி போலத் திட்டம் போட்டிருந்தேன்.

ஆறே முக்கால். இடப்பக்கம் மலை கூடவே வந்தது. 'ஸ்ரீவில்லிபுத்தூர் 5' என்ற கல்லைத் தாண்டி அரை கிலோமீட்டர் போனதும் சாலையை மறித்து ஆடுகள். பிரேக் பிடித்து இரண்டு காலையும் ஊன்றினேன். கண்ணுக்கெட்டிய வரை முன்னாலும் கல் இல்லை, பின்னாலும் இல்லை. வண்டியை உருட்டிக்கொண்டே வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்றிருந்தது. அழுகை முட்டியது.

ஆடு மேய்த்த பெண்ணுக்கும் என் வயதுதான் இருக்கும். "என்னட்டி, பஞ்சரா?"

"இல்ல. கல்லு இல்லாம ஏறத் தெரியாது. விழுந்துருவேன்."

"விழேன். பொறவு எனக்கும் ஒரு தரம் தா. நானும் விழுதேன்."

விழுவதற்கு ஒருத்தி முறை கேட்பாள் என்று நான் நினைத்ததே இல்லை. பெடலில் காலை வைத்து உந்தினேன். விழுந்தேன். அவள் சிரிக்கவில்லை. "இப்ப எம் முறை" என்று வண்டியை வாங்கி, இரண்டடி போய்ப் பள்ளத்தில் சாய்ந்தாள். பிறகு இருவரும் சிரித்த சிரிப்பில் ஆடுகளே மிரண்டன. அடுத்த தரமும் விழுந்தேன். மூன்றாம் தரம் சீட்டில் உட்கார்ந்திருந்தேன்!

"நிறுத்தாதட்டி, போ!" என்று பின்னாலிருந்து கத்தினாள்.

ஏழரைக்குத் தேரடி. கால் கிலோ பால்கோவா ஆறு ரூபாய். திரும்பும்போது அவள் நின்ற இடத்தில் வேண்டுமென்றே இறங்கினேன். பொட்டலத்தைப் பிரித்துப் பாதியைத் தின்றோம். "இதுக்காவ தெனமும் விழலாம்" என்றாள். அவள் பார்க்க, கல் இல்லாமல் ஏறிக் கிளம்பினேன்.

ஒன்பது மணிக்கு வீடு. அப்பா பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். "கால் கிலோ இம்புட்டுத்தானா?" என் சிராய்த்த முழங்கையையும் பார்த்தார். "பின் டயர்ல காத்து கம்மியா இருக்கு. ஒன் வண்டிய நீதான் பாத்துக்கிடணும்" என்றார்.

எட்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போது மதுரையில் வேலை, ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். ஊருக்குப் பேருந்தில் வந்து திரும்பும்போது அந்த ஐந்தாம் கல்லைத் தேடிப் பார்ப்பேன். அவள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அதைவிட வேறொன்றுதான் உறுத்துகிறது. நான் மூன்று தரம் முயன்றேன், அவளுக்குக் கிடைத்தது ஒரே தரம். திரும்பி வந்தபோது பால்கோவாவைக் கொடுத்த எனக்கு, வண்டியை இன்னொரு தரம் கொடுக்கத் தோன்றவில்லை.